ஃபோர்க் வடிகிறதா, ஷாக் துள்ளுகிறதா? புதிதாக பைக் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு கால்கள்) ஆயில் வடிகிறது என்று வொர்க்ஷாப்பில் போய் நின்றால், "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். மாற்றியும் கொடுப்பார்கள். சில வாரங்களில் அதே கால் மறுபடி வடியும். சீல், அதாவது ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம், வயதாகித் தானாகக் கெடுவதும் உண்டுதான். ஆனால் பல நேரம் அதை வேறொன்று கெடுத்திருக்கும்: ஃபோர்க்கின் குரோம் குழாயில் துருப்புள்ளி, சீலின் உதட்டில் மணல், தேய்ந்த புஷ் (குழாய் ஆடாமல் சரியச் செய்யும் உள்வளையம்), வளைந்த குழாய். அதைக் கண்டுபிடிக்காமல் புதுச் சீல் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். அதனால் இங்கே கழற்றும் வேலைக்குப் போகுமுன், கழற்றாமலே என்னென்ன பார்க்கலாம் என்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறோம். 2பி (சிறிய மோட்டார்சைக்கிள்) உரிமம் எடுத்த கையோடு பழைய பைக் வாங்கியவர்களும் டெலிவரி ஓட்டுபவர்களும் இதை அவசியம் படிக்க வேண்டும்.

உள்ளே நடப்பது

முன் ஃபோர்க்கிலும் பின்சக்கரத்துக்கான ஷாக்கிலும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் ஆயில் அடக்குகிறது. ஃபோர்க் அமுங்கும்போதும் எழும்போதும் ஆயில் சிறு துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையைத்தான் டேம்பிங் என்கிறோம். ஸ்பிரிங் எளிதில் கெடாது. ஆயில்தான் கெடும். அலுமினியத் தூளும் புஷ்ஷின் டெஃப்லான் துகளும் கலந்து, கறுத்து, நாற்றமெடுத்து, தடை கொடுக்கும் வலுவை இழந்துவிடும். ஒரு சொட்டுக்கூட வெளியே வடியாமலே ஃபோர்க் செத்துப்போக முடியும் என்பதைப் பலர் நம்புவதில்லை.

ஆயிலுக்கு மேலே குழாயில் கொஞ்சம் காற்று இருக்கும். ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்றும் நெருக்கப்பட்டு, இரண்டாவது ஸ்பிரிங் போல வேலை செய்யும். ஆயில் குறைந்தால் காற்றின் இடம் கூடிவிடும், நெருக்கம் குறைந்துவிடும். பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குப்புற விழுவதுபோல் இறங்கும். ஆயில் கூடினாலும் தொல்லைதான்: கடைசி சில சென்டிமீட்டர் கல்லாகிவிடும், அழுத்தம் ஏறி சீலையே வெளியே தள்ளும்.

நம் ஊரில் ஏன் சீக்கிரம் தேய்கிறது

சிங்கப்பூர்ச் சாலை நல்ல சாலை. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடங்களில் அடுக்கடுக்காக வேகத்தடை; விரைவுச்சாலை மேம்பாலங்களில் வரிசையாக இணைப்புப் பட்டைகள்; கட்டுமானப் பகுதிகளில் இரும்புத் தகடுகள். டெலிவரி பைக் இவற்றின்மேல் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று பாருங்கள், அதுவும் பின்னால் பெட்டியோடு. இதற்கு மேல் மழை. திறந்தவெளியில் நிற்கும் பைக்கின் ஃபோர்க் குழாயில் ஈரம் தங்கி, குரோம் பூச்சின் நுண்துளைகளில் துரு பிடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். வாரந்தோறும் ஜோகூர் போய்வரும் பைக்குகள் அங்குள்ள குழிகளையும் தாங்குகின்றன.

இன்னொன்று சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ். 10 ஆண்டு முடிந்து சிஓஇ புதுப்பித்த பைக்குகள் இங்கே நிறைய ஓடுகின்றன. பதினொன்றாம் ஆண்டிலும் தொழிற்சாலையில் ஊற்றிய அதே ஃபோர்க் ஆயில்! எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஓட்டத்துக்கு 2 ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. டெலிவரி பைக்கானால் ஆண்டுக்கொரு முறை. இதுதான் எங்கள் பரிந்துரை. உங்கள் பைக்கின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கழற்றாமல் செய்யும் சோதனை

முதலில் டயர் காற்றை அளந்து சரிசெய்யுங்கள். காற்றுக் குறைந்த டயர் கெட்ட சஸ்பென்ஷனை (ஃபோர்க்கும் ஷாக்கும்) போலவே நடிக்கும்.

பைக்கை சமதளத்தில் நேராக நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரில் உடல் எடையைப் போட்டு அமுக்கி விடுங்கள். ஒரே சீராக மேலே வந்து நின்றால் நல்லது. மேலே வந்து, மறுபடி இறங்கி, மறுபடி எழுந்தால் டேம்பிங் போய்விட்டது. அமுங்கும்போது திக்கித் திக்கி இறங்கினாலோ, ஓரிடத்தில் சிக்கி நின்றாலோ, குழாய் வளைந்திருக்கலாம். அல்லது முன்பு சக்கரத்தைக் கழற்றியவர் இரண்டு கால்களையும் இணையாக வைக்காமல் அச்சை முறுக்கியிருக்கலாம். பின்புறத்துக்கு இருக்கையின் வாலை அமுக்கி இதையே செய்யுங்கள்.

அடுத்து கண்ணும் விரலும். டஸ்ட் சீலுக்கு (வெளியே தெரியும், தூசியைத் தடுக்கும் வளையம்) சற்று மேலே, குழாயைச் சுற்றி விரலால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. விரலில் சொட்டாக ஒட்டினால், அல்லது அழுக்கு சேர்ந்து கறுப்பு வளையம் கட்டியிருந்தால், கசிவு. பிறகு குழாய் முழுவதும் நகத்தை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே புள்ளியோ கீறலோ இருக்கிறது. அது எந்த உயரத்தில் என்பது முக்கியம். ஃபோர்க் அமுங்கும்போது சீல் போய்வரும் பகுதியில் இருந்தால் அதுதான் குற்றவாளி. அதற்கு மேலே, இரு குழாய்களையும் பிடித்திருக்கும் டீ-கிளாம்ப்புக்கு அருகில் இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம்.

சீல் எதுவரை போகிறது என்று தெரியவில்லையா? குழாயைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டி, டஸ்ட் சீலின்மேல் உட்கார வைத்து, வழக்கமான பாதையில் ஒருநாள் ஓட்டுங்கள். அன்றைக்கு ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது நின்ற இடம் காட்டிவிடும். ஒவ்வொரு நாளும் கடைசி எல்லைவரை போய் முட்டுகிறதென்றால் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது சுமைக்கு ஸ்பிரிங் போதவில்லை.

புதியவர்கள் அதிகம் குழம்புவது 'டொக்' என்ற ஆட்டத்தில். முன் பிரேக்கைப் பிடித்து பைக்கை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஒரு தட்டல் கேட்கும். அது ஃபோர்க் புஷ்ஷாக இருக்கலாம். ஸ்டீரிங் பேரிங்காகவும், அதாவது கோன் செட்டாகவும், இருக்கலாம். ஒருவர் ஆட்டட்டும், நீங்கள் ஒரு கையின் விரல்களைக் கீழ் டீக்கும் (கீழ்ப்புற டீ-கிளாம்ப்) பிரேமுக்கும் இடையில் வையுங்கள், மறு கையை டஸ்ட் சீலும் குழாயும் சேரும் இடத்தில் வையுங்கள். எங்கே அசைவு தெரிகிறதோ அதுதான் இடம். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. அதற்கு ஃபோர்க்கில் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை.

பின்புறம் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஷாக் அமுங்கத் தொடங்குமுன் சில மில்லிமீட்டர் வெறுமனே 'டிக்' என்று நகர்ந்தால் ஷாக்கின் புஷ் அல்லது லிங்கேஜ் (ஷாக்கைப் பின்புறத்தோடு இணைக்கும் இணைப்புகள்) பேரிங் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை இடமும் வலமும் தள்ளும்போது ஆடினால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங்கோ சக்கர பேரிங்கோ. ஷாக்கின் நடுத்தண்டில் ஆயில் இருந்தால், அது முடிந்தது.

ஓட்டலாமா?

பூச்சளவு கசிவு என்றால், கவனமாக வொர்க்ஷாப்வரை ஓட்டலாம். ஆயில் ஃபோர்க் காலில் வழிந்து பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பக்கம் இறங்கியிருந்தால் ஓட்டாதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம்; ஆனால் ஆயில் குடித்த பிரேக் பேடை என்ன செய்தாலும் நம்ப முடியாது, தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள். தலைகீழ் ஃபோர்க் (தடித்த உறை மேலேயும் குரோம் குழாய் கீழேயும் இருப்பது) உள்ள பைக்குகளில் இந்த ஆபத்து அதிகம். அதில் சீல் கீழே இருப்பதால் வடிவது நேராகக் காலிப்பருக்குத்தான் போகும்.

மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. வடியும் ஃபோர்க்கோடு விகோம் பரிசோதனை நிலைய வரிசையில் நிற்க வேண்டாம். பரிசோதனை அறிவிப்பு வந்த உடனேயே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டால் பழுதுபார்க்க நேரம் கிடைக்கும்.

சுத்தம் செய்தே நிறுத்தக்கூடிய கசிவு

குழாயில் நகம் எங்கும் தட்டவில்லை, ஆனாலும் கசிகிறது என்றால் சீலின் உதட்டில் மணலோ காய்ந்த பூச்சியோ மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். டஸ்ட் சீலை மெல்ல நெம்பி மேலே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையில் டேப் சுற்றிக்கொண்டால் குரோமில் கீறல் விழாது. உள்ளே இருக்கும் சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். பழைய புகைப்படச் சுருளோ, குளிர்பானப் பாட்டிலில் வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டையோ எடுத்து, ஒரு முனையில் சிறு கொக்கி வடிவம் வெட்டி, குழாயை ஒட்டிச் சீலுக்குள் செருகி, சுற்றிலும் இழுத்து வாருங்கள். கறுப்பு மண் வெளியே வரும். இரண்டு மூன்று சுற்று செய்து, ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி, துடைத்து, டஸ்ட் சீலைத் திரும்ப அமர்த்துங்கள். இரண்டு நாள் ஓட்டிய பின்னும் குழாய் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது, பணச்செலவே இல்லை. வெளியேறிய ஆயில் வெளியேறியதுதான் என்பதால், நீண்ட நாள் கசிந்திருந்தால் ஆயிலை மட்டும் மாற்றிவிடுங்கள்.

சிறு துருப்புள்ளி ஓரிரண்டு இருந்தால், அதன் விளிம்பை மட்டும் 1,500 அல்லது 2,000 எண் உப்புத்தாளில் ஆயில் தொட்டு, குழாயைச் சுற்றிய திசையில் லேசாகத் தேய்க்கலாம். கூர்மை போனால் சீலைக் கிழிக்காது. மேலும் கீழுமாகத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களே ஆயில் ஏற வாய்க்கால் ஆகிவிடும். புள்ளிகள் கூட்டமாக இருந்தால், அல்லது குரோம் உரிந்திருந்தால், குழாயையே மாற்ற வேண்டும். அதன்மேல் எந்தச் சீலும் நிற்காது.

சீலும் ஆயிலும் மாற்றுவது

இது சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்குக்கான முறை. தலைகீழ் ஃபோர்க்கையும், கார்ட்ரிட்ஜ் வகையையும் (டேம்பிங் பாகங்கள் தனி அலகாக அடைத்தது) முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம். ஸ்கூட்டர்களிலும் அண்டர்போன் பைக்குகளிலும் ஃபோர்க் கால் கீழ் டீயில் மட்டும் பிடித்திருக்கும், மேல்மூடியைப் பல நேரம் ஒரு வளையக் கிளிப் தாங்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் அது முகத்துக்குத் தெறிக்கக்கூடும். பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இடத்தையும் யோசியுங்கள். வீவக வாகன நிறுத்துமிடம் பழுதுபார்க்கும் இடமல்ல. தெரிந்த வொர்க்ஷாப்பில் ஒரு மூலை கேட்கலாம், தரைவீட்டு நண்பரின் முற்றம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாங்க வேண்டியவை: இரண்டு ஆயில் சீல், இரண்டு டஸ்ட் சீல், அடிப் போல்ட்டுக்கு இரண்டு புதுச் செம்பு வாஷர், மேல்மூடிக்கு ஓ-ரிங், ஃபோர்க் ஆயில். ஒரு கால் மட்டும் வடிந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இடமும் வலமும் வேறு வேறு ஆயிலில் இயங்கினால் பைக் ஒரு பக்கம் முறுக்கும். சீலின் அளவு அதன்மேலேயே எழுதியிருக்கும். 41×54×11 என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், எல்லாம் மில்லிமீட்டரில். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், ஆண்டையும் பாக எண்ணையும் சொல்லி வாங்குங்கள். ஆயில் 5, 10, 15 என்று எண்ணிட்டு வரும். சாதாரணச் சாலை பைக்குகளுக்குப் பெரும்பாலும் 10 கேட்பார்கள். ஒரு நிறுவனத்தின் 10 இன்னொரு நிறுவனத்தின் 10 அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை என்பதால், இரண்டு பிராண்டைக் கலக்காதீர்கள். எஞ்சின் ஆயில் ஊற்றுவது தவறு. நுரைத்துவிடும், நுரையில் டேம்பிங் கிடையாது.

பைக்கை உறுதியாக நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் தாங்கல் வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க் குழாய் மேல் டீக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள், படமும் எடுங்கள். திரும்ப மாட்டும்போது இந்த எண் இல்லாமல் திண்டாடுவீர்கள். இப்போது மேல் டீயின் பிடிப்புப் போல்ட்டைத் தளர்த்தி, பிறகு மேல்மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். கீழ் டீ இன்னும் பிடித்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காலை வெளியே எடுத்த பிறகு மூடியைத் திறக்க முயன்றால் குழாயைப் பிடிக்க வழியிருக்காது, வைஸில் பிடித்தால் குரோம் கெடும்.

காலிப்பரைக் கழற்றி, கம்பியில் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. அதன்பின் பிரேக் லிவரைத் தொடவே வேண்டாம், பிஸ்டன் வெளியே வந்துவிடும். சக்கரம், ஏபிஎஸ் சென்சார், மட்கார்டு என்று வரிசையாகக் கழற்றுங்கள். கால்கள் இன்னும் டீயில் இருக்கும்போதே, ஒவ்வொரு காலின் அடியிலும் உள்ளே ஒளிந்திருக்கும் ஆலன் போல்ட்டை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள், கீழே தட்டு வைத்துக்கொண்டு. ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருப்பதால் டேம்பர் தண்டு (ஆயில் போகும் துளைகள் உள்ள உள்தண்டு) சுற்றாமல் நிற்கும். இந்த ஒரு படியைத் தவறவிடுவதால்தான் பலர் பிற்பாடு போல்ட் வெறுமனே சுற்றுகிறது என்று இம்பாக்ட் கன்னைத் தேடி அலைகிறார்கள்.

கீழ் டீயைத் தளர்த்தி, காலை முறுக்கிக்கொண்டே கீழே இழுத்தால் வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரியுங்கள். பாகங்கள் கலக்காது, சந்தேகம் வந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். மூடிமேல் துணி போட்டு, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி கடைசிச் சுற்றுகளைத் திறங்கள். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். காலைக் கவிழ்த்து, மெல்ல ஏற்றி இறக்கி, ஆயிலை அளவுக் குவளையில் வடியுங்கள். கையேட்டில் சொன்ன அளவில் எவ்வளவு குறைகிறது, நிறம் எப்படி, வெள்ளித் தூள் மினுக்குகிறதா, தண்ணீர் கலந்து பால்போல் இருக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். வெள்ளி மினுக்கு அதிகமென்றால் புஷ்ஷோ கீழ் உறையோ (குழாய் நுழையும் பகுதி) தேய்கிறது. பால்நிறம் என்றால் சீலைத் தாண்டி மழைநீர் இறங்கியிருக்கிறது.

அடிப் போல்ட்டை முழுதும் எடுத்து, டஸ்ட் சீலை நெம்பி, அதன் கீழுள்ள கம்பிக் கிளிப்பை எடுங்கள். இப்போது கீழ் உறையை ஒரு கையிலும் குழாயை மறு கையிலும் பிடித்து, வெடுக்கென்று பலமுறை இழுங்கள். புஷ் உள்ள ஃபோர்க்கில், புஷ்ஷே சீலை வெளியே தள்ளிக்கொண்டு வரும். புஷ் தனியாக இல்லாத சிறிய ஃபோர்க்குகளில் குழாய் மட்டும் உருவிவந்துவிடும். சீலைப் பிறகு உறையின் விளிம்பைக் கீறாமல் நெம்பி எடுக்க வேண்டும்.

புஷ்ஷின் சாம்பல்நிறப் பூச்சு தேய்ந்து செம்புநிறம் தெரிந்தால் மாற்றுங்கள். குழாயைத் தடித்த கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் ஏறி இறங்கினால் வளைவு. விபத்தில் அடிபட்ட, வளைந்த குழாயை நிமிர்த்திப் போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். அது மறுபடி எங்கே மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் கழுவி, நூல் ஒட்டாத துணியால் துடைத்து உலர்த்துங்கள். புதுச் சீலின் உதட்டில் ஃபோர்க் ஆயிலைத் தடவி, குழாயின் முனையை மெல்லிய பிளாஸ்டிக் பையால் மூடி அதன் வழியாகச் சீலை இறக்குங்கள். குழாயின் கூரான விளிம்பில் உதடு கிழிவதுதான் புதுச் சீல் முதல் நாளே வடிவதற்குக் காரணம். எழுத்துள்ள பக்கம் மேலே, ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி. சரியான சீல் டிரைவர் இல்லையென்றால், குழாய்மேல் தாராளமாக நுழையும், முனை சமமாக வெட்டிய பிவிசி பைப்பால் சுற்றிலும் ஒரே சீராகத் தட்டுங்கள். கிளிப் போகும் பள்ளம் முழுதும் தெரியும்வரை சீல் இறங்க வேண்டும். கிளிப் பள்ளத்தில் சுற்றிலும் அமர்ந்ததை விரலால் உறுதி செய்யுங்கள். அடிப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷரும் மரையில் ஒரு துளி லாக்டைட்டும் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள். பழைய வாஷரையே போட்டால் மேலே காய்ந்து கீழே வடியும்.

ஆயிலை ஊற்றி, குழாயைப் பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல ஏற்றி இறக்குங்கள். டேம்பர் தண்டுக்குள் சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுதும் அமுக்கி வைத்து, குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை ஸ்கேலால் அளவெடுங்கள். கையேட்டில் மில்லிலிட்டர் அளவும் இந்த மட்ட அளவும் இரண்டும் இருந்தால் மட்டத்தையே நம்புங்கள், ஏனென்றால் உள்ளே எவ்வளவு பழைய ஆயில் ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. இரண்டு காலிலும் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபடாமல் பாருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் சிறு குழாய் மாட்டி, அதிகமானதை உறிஞ்சி எடுக்கலாம்.

திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ், ஒன்றைத் தவிர. அச்சை இறுக்கிய பின், அதைக் காலோடு பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை உடனே இறுக்காதீர்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, காலிப்பரை மாட்டி, பிரேக் லிவரைக் கெட்டியாகும்வரை பலமுறை பம்ப் செய்யுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை ஏழெட்டு முறை நன்றாக அமுக்குங்கள். இரண்டு கால்களும் தாமாக இணையாகும். அப்போதுதான் பிஞ்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கும், புஷ் ஒருபக்கமாகத் தேயும், புதுச் சீலும் போகும்.

வடித்த ஆயிலை வடிகாலில் ஊற்றாதீர்கள். நம் வடிகால் நீரில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்துக்குப் போய், நமக்கே குடிநீராகத் திரும்புகிறது. பாட்டிலில் அடைத்து, எஞ்சின் ஆயில் மாற்றும் வொர்க்ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் கழிவு ஆயிலைச் சேர்த்து அனுப்புவார்கள்.

பின் ஷாக்

சிறிய பைக்குகளில் வரும் பின் ஷாக் பெரும்பாலும் பிரித்துச் செப்பனிடும்படி செய்யப்பட்டதல்ல. கசிந்தால் மாற்றுவதுதான் வழி. சிலவற்றில் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கும்; துளையிடுவதோ, சூடாக்குவதோ, வெல்டிங் செய்வதோ உயிருக்கு ஆபத்து. விலை கூடிய ஷாக்குகளைப் பிரித்து ஆயிலும் சீலும் மாற்றிக் கொடுக்கும் சஸ்பென்ஷன் வொர்க்ஷாப்கள் இருக்கின்றன, அங்கே கொடுங்கள்.

இரட்டை ஷாக் என்றால் ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் பின்புறம் சரியும். ஸ்கூட்டரில் எஞ்சினும் சேர்ந்து அசையும். மோனோ (ஒற்றை) ஷாக்குக்குப் பின்சக்கரத்தின் எடை போல்ட்டில் நிற்காதபடி சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்துச் சற்றே தூக்குங்கள். போல்ட் கையாலேயே நழுவி வரும் உயரம்தான் சரியான உயரம். சுத்தியலால் அடிக்க வேண்டியிருந்தால் உயரம் தப்பு. ஷாக் வெளியே இருக்கும்போது லிங்கேஜ் பேரிங்குகளைத் துடைத்து கிரீஸ் போடாமல் மூடாதீர்கள். உயர் அழுத்தத் தண்ணீரால் அடித்தடித்துக் கழுவிய பைக்கில் அங்கே கிரீஸே இருக்காது, துருதான் இருக்கும். ஷாக் நல்லதாக இருந்தும் பின்புறம் விறைத்துக்கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

புது ஷாக்கின் நீளம், மேல் துளை நடுவிலிருந்து கீழ் துளை நடுவரை, பழையதோடு ஒத்திருக்க வேண்டும். உயரம் மாறினால் ஸ்டீரிங் குணம் மாறும், செயின் தளர்வு மாறும், பின்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உயர்த்துவது, தாழ்த்துவது போன்ற மாற்றங்களுக்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

உங்கள் எடைக்கு அமைத்தல்

புதிதாக மாற்றிய ஷாக்கும் தவறான ப்ரீலோடில் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) பழையது போலவே நடக்கும். ஒரு நண்பரும் டேப்பும் போதும். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, பின் அச்சிலிருந்து நேர் மேலே வாலில் ஒரு புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு வழக்கமான உடை, ஹெல்மெட், பெட்டியோடு ஏறி உட்கார்ந்து, நண்பர் பைக்கைப் பிடிக்க, அதே இரு புள்ளிகளை அளவெடுங்கள். முதல் அளவு 560, இரண்டாவது 525 என்றால் அமுங்கல் 35 மில்லிமீட்டர். சக்கரம் மொத்தம் எவ்வளவு ஏறி இறங்குமோ அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்கினால் சரி. பெரும்பாலான சாலை பைக்குகளில் அது 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் வரும். அதிகம் அமுங்கினால் ஸ்பேனரால் ப்ரீலோடைக் கூட்டுங்கள், குறைவாக அமுங்கினால் குறையுங்கள். முன்புறம் கேபிள் டை வைத்து இதையே செய்யலாம். கடைசிப் படியில் வைத்தும் அமுங்கல் அதிகமென்றால் ப்ரீலோடு உதவாது. அந்தச் சுமைக்குக் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். பின்னிருக்கையில் ஆள் ஏறும் நாளில் ஒன்றிரண்டு படி கூட்டி, இறங்கியதும் திரும்ப வையுங்கள்.

வொர்க்ஷாப்பில் கேட்க வேண்டியவை

உபி, காக்கி புக்கிட், சின் மிங், சுங்கை காடுட் எனப் பல இடங்களில் வொர்க்ஷாப்கள் உண்டு. எங்கே போனாலும் கூலியும் பாகமும் தனித்தனியாக எழுதிய விலை கேளுங்கள். குழாயில் புள்ளி இருக்கிறதா, புஷ் பார்த்தீர்களா, எந்த எண் ஆயில், மட்டம் அளந்தீர்களா என்று கேளுங்கள். பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். "ஆயில் கொஞ்சம் ஊத்திவிட்டேன், போதும்" என்று சீலைக் கழற்றாமல் அனுப்புபவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். ஜோகூரில் கூலி குறைவு என்று அங்கே போவதானால், சரியான சீலையும் ஆயிலையும் இங்கேயே வாங்கிக் கையில் கொண்டுபோவது நல்லது. அங்கே வாங்கிப் பொருத்தும் பாகங்களுக்கு நம் சுங்கத்துறையின் ஜிஎஸ்டி விதிகள் உண்டு, கிளம்புமுன் பாருங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை சிஓஇ-யில் மிச்சமிருக்கும் மாதங்களை வைத்து முடிவு செய்யுங்கள். எட்டு மாதத்தில் ஸ்க்ராப் ஆகப்போகும் பைக்குக்கு விலை உயர்ந்த ஷாக் தேவையில்லை; அசல் அளவிலான சாதாரணப் புது ஷாக் போதும். ஆனால் வடியும் சீலையும் ஆயில் படிந்த பிரேக் பேடையும் கடைசி மாதத்திலும் தள்ளிப்போடக் கூடாது. சிஓஇ புதுப்பிக்கப் போகிறீர்களானால், பணம் கட்டுமுன் ஃபோர்க் குழாய், லிங்கேஜ், கோன் செட் மூன்றையும் பார்த்து விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு பிஞ்ச் போல்ட், காலிப்பர் போல்ட், ஷாக் போல்ட் எல்லாவற்றிலும் டார்க் ரென்ச்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள். டஸ்ட் சீலின்மேல் வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். துணியில் லேசான ஈரம் இருந்தால் அது மாட்டும்போது தடவிய ஆயில். துடைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.